பெயர் போட்ட ஒரே பூங்கொத்து

அந்தப் பெண் சாமந்தித் தொட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். என் மேஜைமேல்.

"அதைக் கொஞ்சம் வாசப்பக்கம் வெச்சிட்டு வரலாமே," என்றேன். "உள்ள இருக்கறவங்க எல்லாம் இன்னும் உயிரோடதான் இருக்கோம்."

"மரியூஸ்," என்றார் முதலாளியம்மா.

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று லியோன் நகரமே சாமந்தித் தொட்டியைச் சுமந்துகொண்டு மலையேறும், கல்லறையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசாமி எங்கள் ஊரில் கிடையாது. என் அத்தை மகளைப் பெண் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பாவம், தெரியாமல் ஒரு கொத்து சாமந்தி வாங்கி வந்தார். அத்தை அன்று ராத்திரியே உயில் எழுதினாள், கல்யாணமும் நின்றுபோனது.

முதலாளியம்மா என்று நான் கூப்பிடுவது மதாம் ஓடெட் ஷார்வேயை. ஐம்பது வயது, பூக்கடைக்காரரின் மகள். கணவர் போரில் போனபிறகு, பூ கட்டின கையோடு துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் அவருக்கு உதவியாள், டிரைவர், திட்டு வாங்க ஆள். எங்களுக்குக் கீழே குடல் விற்கும் கடை. எங்கள் அலுவலகத்தில் கண்டுபிடித்த உண்மைகளைவிட வறுத்த குடலின் வாசனைதான் எப்போதும் அதிகம்.

"நேத்துலேர்ந்து இதைத் தூக்கிட்டு அலையறேன் மதாம்," என்றாள் அந்தப் பெண். பெயர் கிளெமான்ஸ். சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள், விரல் நுனியெல்லாம் சூட்டுக் காயம். "எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"யாருக்கு வாங்கினீங்க?"

"எங்க அக்காவுக்கு. அவ செத்துட்டாளா இல்லையான்னு தெரியாது."

தொட்டியில் மண் வெளுத்து வெடித்திருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"தண்ணியாவது ஊத்தட்டுமா?" என்றேன்.

"வேணாம். வாடிப்போகட்டும். வாடிட்டா எங்கயும் வைக்க வேண்டிய அவசியம் இல்லாமப் போயிடும்."

விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா பேர் பிளாந்தீன். அக்காவின் கணவர் கஸ்பார் தெவ்னே. பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். தெவ்னேயின் பூங்கொத்துப் படங்களைப் பார்க்காதவர்கள் லியோனில் யார்? ரோஜாக்களின்மேல் இருக்கும் பனித்துளியைத் துடைக்கலாமா என்று தோன்றும். பட்டு நெய்கிறவர்கள் அவர் பூக்களைத் துணியில் நெய்து பாரீசுக்கு அனுப்புவார்கள். எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவின் மூடியில்கூட அவருடைய பியோனிப் பூக்கள்தான்.

"மே மாசம் பன்னெண்டாம் தேதி அக்கா காணாமப் போனா. யாரோ ஒருத்தனோட தெற்குப்பக்கம் ஓடிட்டான்னு மாமா சொன்னார். நான் நம்பல. போலீஸ்ல சொன்னேன். அவங்களும் விசாரிச்சாங்க. அப்பதான் அந்தப் படம் வந்துச்சு."

"என்ன படம்?"

"டேலியாப் பூங்கொத்து. தெற்கே நீஸ் ஊர்லேர்ந்து தபால்ல. கீழ அக்கா பேர். பின்னாடி செப்டம்பர்னு போட்டிருந்துச்சு. மாமா அதைக் கொண்டுபோய் போலீஸ்ல காட்டினார். அவங்க என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, உங்க அக்கா எப்படி வரைவாங்கன்னு. நான் உள்ளதைச் சொன்னேன். எங்க அக்கா எதிர்ல இல்லாத பூவைத் தொடவே மாட்டா மதாம். ஒரு இலையைக்கூட மனசுலேர்ந்து போட மாட்டா. இலையில புழு கடிச்ச ஓட்டை இருந்தா அதையும் வரைவா."

"டேலியா ஆகஸ்ட்டுக்கு முன்னாடி பூக்காது," என்றார் முதலாளியம்மா மெதுவாக.

"அதேதான். மே மாசம் போனவ செப்டம்பர்ல டேலியா வரைஞ்சிருக்கான்னா, உயிரோட இருக்கான்னுதான அர்த்தம்? கேசை மூடிட்டாங்க. நான் சொன்ன வார்த்தையை வெச்சே மூடிட்டாங்க."

"அப்ப சந்தோஷப்பட வேண்டியதுதான?" என்றேன்.

கிளெமான்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஜூலைல என் பிறந்தநாள். ஜெர்மன்காரன் குண்டு போட்ட வருஷம்கூட என் அக்காகிட்டேர்ந்து ஒரு சின்னப் பூ மட்டும் வரைஞ்ச அட்டை வந்துச்சு. இந்த வருஷம் வரல."

நாற்காலியை மறுபடி மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அந்தக் கையெழுத்து அவங்களோடதுதானா?" என்றார் முதலாளியம்மா.

"எப்படிச் சொல்ல? அக்கா பேர் போட்ட படம் அது ஒண்ணுதான்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் மாமா பேர்ல." அவள் குரல் தாழ்ந்தது. "எல்லாம் அவதான் வரைஞ்சா மதாம். பதினோரு வருஷமா. பூ வரையறதைப் பொம்பளை வேலைன்னு சிரிப்பாங்க, பேர் போடறப்ப மட்டும் ஆம்பளை வந்து நிப்பாங்க. ஏப்ரல்ல என்கிட்டச் சொன்னா, அடுத்த படத்துல என் பேர்தான்னு. அவ்வளவு சந்தோஷமா அவளை நான் பார்த்ததில்லை."

முதலாளியம்மா எழுந்து கோட்டை மாட்டினார். "உங்க மாமா இப்ப எங்க இருக்கார்?"

"வீட்லதான். மூட்டை கட்டிட்டிருக்கார். நாளைக்குச் சாயங்காலம் மார்செய்ல கப்பல். அர்ஜென்டினா போறாராம். அவர் போயிட்டா நான் யாரைக் கேப்பேன்? அவ உயிரோட இருந்தா என்னைப் பார்க்கவே வேணாம் மதாம். இருக்கான்னு ஒரு வார்த்தை போதும். இல்லைன்னா இதை வைக்க ஒரு இடம் வேணும்."

சொல்லிவிட்டுத் தொட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

*

அன்று கல்லறைத் திருநாள், சகல புனிதர் திருநாளுக்கு மறுநாள். மதியம் மூன்று மணிக்கே சோன் நதியிலிருந்து மூடுபனி ஏறிவந்து சாலையை மூடியிருந்தது. என் ரெனோ கார் வயதானவர்களைப்போல இருமிக்கொண்டே மேட்டில் ஏறியது. வழியெல்லாம் கறுப்பு உடைக்காரர்கள் கல்லறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் கிளெமான்ஸ். அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்த மஞ்சள் பூ, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே வந்தது.

"முதலாளியம்மா, ஒரு கணக்கு புரியல. இல்லாத பூவை வரைய மாட்டாங்க, சரி. படத்துல டேலியா, சரி. அப்ப ஆள் இருக்காங்க. இதுல நாம எங்க போய் மூக்கை நுழைக்கிறது?"

"டேலியா எந்த வருஷத்து டேலியான்னு பூ சொல்லாது மரியூஸ்."

"பின்னாடிதான் எழுதியிருக்கே."

"பின்னாடி எழுத யாருக்கும் ஓவியம் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. எங்கப்பா கடைக்கு வரைய வர்றவங்க நிறைய பேர். முன்பக்கத்துல என்ன இருக்குன்னுதான் பார்க்கணும்."

தெவ்னேயின் வீடு மேட்டின் ஓரத்தில் தனியாக நின்றது. பின்னால் தோட்டம், அதன் கீழே ஒரு சந்து. காரைச் சந்திலேயே நிறுத்தினேன். கிளெமான்ஸைக் காரிலேயே இருக்கச் சொன்னார் முதலாளியம்மா.

"உங்களைப் பார்த்தா உங்க மாமா உஷாராயிடுவார்."

"பார்த்தா பயந்துடுவார்," என்றாள் அவள். "அக்காவும் நானும் ஒரே அச்சு."

சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனோம். கதவைத் திறந்தது தெவ்னேயின் அம்மா. எழுபதைத் தாண்டியவர், மெலிந்த உருவம், திருநாளுக்கு உடுத்திய நல்ல கறுப்புப் பாவாடை. அதன் முழங்காலில் இரண்டு வட்டமான ஈரச் சேறு.

"கோயில்லேர்ந்து வர்றீங்களா, மதாம்?" என்றார் முதலாளியம்மா.

"ஆமா... பூசை பார்த்துட்டு வந்தேன்." கிழவி சேற்றைக் கையால் மறைத்துக்கொண்டார்.

நான் என் முதலாளியம்மாவைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோயில்களில் தரை கல். அங்கே முட்டி போட்டால் வாதம் வரும், சேறு வராது. முதலாளியம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கஸ்பார் தெவ்னே மாடியில் இருந்தார். ஐம்பது வயது, நரைத்த அழகான தாடி, பேசும்போது கையால் காற்றைத் தடவும் பழக்கம். அறை முழுக்க மரப்பெட்டிகள். முதலாளியம்மா தன்னை ஒரு ஹோட்டல்காரி என்று சொல்லிக்கொண்டார். வரவேற்பறையில் மாட்டப் பூங்கொத்துப் படம் வேண்டுமாம்.

"தாமதமா வந்திருக்கீங்க மதாம். எல்லாம் வித்துப்போச்சு. நாளைக்கு நான் நாட்டை விட்டே போறேன். கலைஞனுக்குப் புது வெளிச்சம் வேணும், பாருங்க."

வெளிச்சம் வேண்டுமோ இல்லையோ, அவருக்குப் புது வண்ணம் கண்டிப்பாக வேண்டும். மூலையில் கிடந்த வண்ணம் குழைக்கும் பலகையை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஓடாய் இறுகியிருந்தது. பிரஷ்களின்மேல் தூசி. மே மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் ஒரு பூவும் மலரவில்லை.

"நீங்க ரொம்பக் களைப்பா இருக்கற மாதிரி தெரியுது," என்றார் முதலாளியம்மா.

"நான் பரவாயில்லை. எங்கம்மாதான். நேத்து இந்தக் குளிர்ல ரெண்டு தொட்டி சாமந்தி வாங்கிச் சுமந்துட்டு வந்தாங்க. அப்பாவுக்கு ஒண்ணு போதாதான்னு கேட்டேன். வயசாயிட்டா யார் சொல்லியும் கேக்கறதில்லை."

"அதோ அது?" முதலாளியம்மா சுவரைக் காட்டினார்.

டேலியாக்கள். கருஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பதினைந்து பதினாறு பூக்கள், ஒரு உருண்டைக் கண்ணாடி ஜாடியில். ஒரு இதழ் நுனியில் பழுப்பு. ஒரு இலையில் ஓட்டை. மூலையில் சிறிய எழுத்தில் பிளாந்தீன் என்ற பெயர். பிஸ்கட் டப்பாவில் இவ்வளவு நாள் யாருடைய பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"அது விக்கறதுக்கில்லை. என் மனைவி அனுப்பினது. என்னை விட்டுட்டுப் போனாலும் கலையை விடல அவ." அவர் பெருமூச்சு விட்டார். "நீஸ்ல இருந்து, செப்டம்பர்ல."

"மனசுலேர்ந்து வரைஞ்சிருப்பாங்களோ?"

"சேச்சே! போலீஸ்கூட இதையேதான் கேட்டாங்க. பிளாந்தீன் கண்ணெதிர்ல இல்லாத ஒரு கோடுகூடப் போட மாட்டா. அதுக்கு நான் சத்தியம் பண்ணுவேன்."

"ஒரு கோடுகூட?"

"ஒரு புள்ளிகூட."

முதலாளியம்மா கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்தின் அருகே போனார். பூக்களை அவர் பார்க்கவே இல்லை. ஜாடியைப் பார்த்தார். கண்ணாடியின் வயிற்றில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு வெள்ளை ஒளி, அதில் மெல்லிய கோடுகள்.

"மரியூஸ், அந்த அலமாரில இருக்கற ஜாடியைக் கொஞ்சம் எடு."

அதே உருண்டை ஜாடி. எடுத்து மேஜைமேல் வைத்தேன். அறையில் இருந்தது ஒரே ஜன்னல், ஆள் உயரத்துக்குமேல், உச்சியில் அரைவட்டம். அந்த அரைவட்டத்தில் விசிறி மடிப்புபோல் ஐந்து மரச்சட்டங்கள். ஜாடியின் வயிற்றில் அந்த ஜன்னல் சின்னதாக விழுந்தது. அரைவட்டம், ஐந்து சட்டம். படத்தில் இருந்த ஜாடியிலும் அரைவட்டம், ஐந்து சட்டம்.

"நீஸ்லயும் இதே ஜன்னலை வெச்சுக் கட்டியிருக்காங்க போல," என்றேன். "ஜன்னலும் உங்க மனைவியோட ரயிலேறிப் போச்சா?"

தெவ்னேயின் கை காற்றில் நின்றது.

"நீங்க ஹோட்டல் நடத்தறவங்க இல்ல," என்றார்.

"இல்ல. நான் கிளெமான்ஸோட ஆள். இந்தப் படம் இந்த அறையில வரைஞ்சது. போன வருஷமோ அதுக்கு முந்தின வருஷமோ. நீங்களே தேதி எழுதி, நீங்களே பேர் போட்டு, நீங்களே நீஸுக்குப் போய்த் தபால்ல போட்டீங்க. பேரை ஒப்பிட்டுப் பார்க்க வேற படமே கிடையாது, அதனால தைரியம். அவங்க இருந்தவரைக்கும் ஒரு படத்துலயும் பேர் போட விடல. கடைசில நீங்களே போட்டுக் கொடுத்திருக்கீங்க, பாருங்க."

எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. ஆனால் தெவ்னே இடிந்துபோய் உட்காரவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, ஏதோ பாரத்தை இறக்கி வைக்கிறவர்போல் சிரித்தார்.

"சரி. உண்மையைச் சொல்லிடறேன். செப்டம்பர்ல அவ இங்க வந்தா. மூணு நாள் இருந்தா. இந்த அறையிலதான் வரைஞ்சா. மறுபடி போயிட்டா. ரெண்டாம் தடவையும் பொண்டாட்டி விட்டுட்டுப் போனான்னு ஊர்ல சிரிக்கறதுக்கா நான் வெளிய சொல்லணும்? அதான் தபால், நீஸ், எல்லாம். மானத்துக்குப் பயந்து சொன்ன பொய். அதுக்கு எந்தச் சட்டத்துல தண்டனை?"

"பார்த்தவங்க யாராவது?"

"அம்மா இருக்காங்களே. அம்மா!"

கிழவி வாசற்படியிலேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

"செப்டம்பர்ல பிளாந்தீன் வந்தாளா இல்லையா, சொல்லும்மா."

"வந்தா," என்றார் கிழவி. மகனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

"மூணு நாளும் அவங்களுக்கு என்ன சமைச்சுப் போட்டீங்க?" முதலாளியம்மா சாதாரணமாகத்தான் கேட்டார், பக்கத்து வீட்டில் விசாரிக்கிறமாதிரி.

கிழவியின் உதடு அசைந்தது. மருமகளுக்குச் சமைத்ததைச் சொல்ல எந்த மாமியாரும் இவ்வளவு நேரம் யோசிக்க மாட்டாள்.

"அவ... ஒண்ணும் சாப்பிடல."

தெவ்னே கதவை அகலத் திறந்து பிடித்தார். "கேட்டாச்சுல்ல? கிளம்புங்க. எனக்கு நிறைய வேலை இருக்கு."

போலீஸில் போய்ச் சொன்னால் அவர்கள் நாளை மறுநாள் கேட்பார்கள். நாளை சாயங்காலம் கப்பல். கையில் இருந்த ஒரே நூலும் அறுந்ததுபோல்தான் இருந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். கிளெமான்ஸிடம் என்ன சொல்வது? உங்கள் மாமா பொய்யர், ஆனால் கெட்டிக்காரப் பொய்யர் என்றா?

முன்வாசல் பக்கம் திரும்பியபோது கிழவியின் குரல் கேட்டது.

"காரு கீழச் சந்துலதான நிக்குது? இப்படியே தோட்டத்து வழியாப் போங்க. கிட்ட."

அடுக்களைக் கதவை ஏற்கனவே திறந்துவிட்டிருந்தார்.

"அம்மா, அவங்க முன்பக்கமாப் போகட்டும்!" மாடியிலிருந்து தெவ்னே கத்தினார். அதற்குள் முதலாளியம்மா வெளியே கால் வைத்துவிட்டார்.

*

தோட்டத்தில் இருபதடிக்குமேல் எதுவும் தெரியவில்லை. செடிகளெல்லாம் கவனிப்பாரின்றிப் பழுத்துக் கிடந்தன. காலடியில் ஈர இலை, முழங்கால்வரை மூடுபனி. முன்னால் போய்க்கொண்டிருந்த நான் எதன்மேலோ இடித்துக்கொள்ளப் போய், குனிந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் குதித்தேன். கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

"என்ன மரியூஸ்?"

"முதலாளியம்மா... இங்க ஒரு சாமந்தி."

பேரிக்காய் மரத்தடியில் ஒரு தொட்டி. வெள்ளைச் சாமந்தி, நல்ல கடையில் வாங்கியது, காகிதம்கூடப் பிரிக்கவில்லை. அது மட்டுமென்றால் யாரோ மறந்து வைத்தது என்று சொல்லலாம். தோட்டம் முழுக்க இலை மண்டிக் கிடக்க, அந்த மரத்தடியில் மட்டும் ஒரு இடம் சுத்தமாகக் கூட்டியிருந்தது. நான்கு மூலையும் நேராக, புதுச் சரளை தூவி, நேற்று மலைமேல் கல்லறைகளுக்கு ஊரெல்லாம் செய்ததைப்போலவே. அகலம் இரண்டடி இருக்கும். நீளம் ஒரு ஆள் நீளம்.

தொட்டிக்கு முன்னால் ஈர மண்ணில் இரண்டு வட்டக் குழிகள். யாரோ முட்டி போட்டிருக்கிறார்கள்.

பின்னால் ஓடிவரும் சத்தம். தெவ்னே மூச்சிரைக்க வந்து நின்றார். தொட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் நிறம் போனதைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அந்தப் பூ அங்கே இருப்பது இந்த நிமிஷம் வரைக்கும் அவருக்கே தெரியாது.

"இது... எங்க நாய்க்கு," என்றார். "வசந்தத்துல செத்துப்போச்சு. இங்கதான் புதைச்சோம்."

"பாவம்," என்றார் முதலாளியம்மா. அடுக்களை வாசலில் நின்ற கிழவியைத் திரும்பிப் பார்த்தார். "நாய் பேரு என்னங்க மதாம்?"

கிழவி படி இறங்கி வந்தார். மெதுவாக வந்தார், வழியில் நிற்கவில்லை.

"எங்க வீட்ல நாயே வளர்த்ததில்லை," என்றார்.

"அம்மா!"

"கத்தாதடா கஸ்பார். மாடியிலேர்ந்து அவளைத் தள்ளினப்பவும் இப்படித்தான் கத்தின. பேரு போடுவியா, பேரு போடுவியான்னு." கிழவியின் குரல் நடுங்கவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் வாயைத் திறக்கல. பெத்த பிள்ளைன்னு திறக்கல. மே, ஜூன், ஜூலை, எல்லா மாசமும் பொறுத்துக்கிட்டேன். நேத்து முடியல. ஊர்ல பிச்சைக்காரன் குழியிலகூட ஒரு பூ இருக்கு. பதினோரு வருஷம் என் பக்கத்துல உக்கார்ந்து சாப்பிட்டவ. அவளை மட்டும் பூ இல்லாம எப்படி விடறது? உங்கப்பாவுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணுன்னு வாங்கினேன். காலையில நீ கப்பல் சீட்டு வாங்கப் போனப்ப வெச்சேன்."

தெவ்னே ஓடினார். சந்துப் பக்கத்துக் கதவை நோக்கி, சறுக்கிக்கொண்டே ஓடினார். நான் பிடிக்கப் பாய்ந்தேன். கையில் அகப்பட்டது அவர் கோட்டுப் பொத்தான் ஒன்றுதான்.

கதவை இழுத்துத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம், மூடுபனிக்குள், ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் சாமந்தித் தொட்டி. சத்தம் கேட்டுக் காரிலிருந்து இறங்கி வந்திருந்தாள் கிளெமான்ஸ். எனக்கு அது கிளெமான்ஸ். அவருக்கு இல்லை.

"பிளாந்தீன்..." என்றார் தெவ்னே. பின்னால் நகர்ந்தார், ஒரு அடி, இரண்டு அடி. "போடறேன். உன் பேரையே போடறேன். எல்லாத்துலயும் போடறேன்."

சொல்லிக்கொண்டே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் அவர் தோளைப் பிடித்தபோது எழுந்து ஓடுகிற உத்தேசம் அவரிடம் இல்லை.

கிளெமான்ஸ் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். கூட்டிய தரையைப் பார்த்தாள், வெள்ளைச் சாமந்தியைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலாளியம்மா அவள் கையைப் பிடிக்கப் போனார், அவள் தலையசைத்து வேண்டாம் என்றாள்.

"ஆறு கடிதம் போட்டேன் உங்களுக்கு," என்றாள் கிழவியிடம். "ஒண்ணுக்காவது பதில் போட்டிருக்கலாம்."

"அவன் என் பிள்ளைம்மா."

"அவ என் அக்கா."

தன் தொட்டியைக் கீழே வைத்தாள். கிழவி வைத்திருந்த வெள்ளைச் சாமந்தியைக் காகிதத்தோடு தூக்கினாள். நேராக அடுக்களைக்குள் போனாள். திறந்த கதவு வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மேஜையில் மதியம் தின்ற ரொட்டியின் மிச்சம், இரண்டு தட்டு, சூப்புப் பாத்திரம். எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தத் தொட்டியை வைத்தாள்.

"இது உங்க வீட்டுப் பூ," என்றாள். "உள்ளயே இருக்கட்டும்."

கிழவி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மகனைக் காட்டிக்கொடுத்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

முதலாளியம்மா என்னைப் போன் பண்ணச் சொன்னார். மாடிக்குப் போய் போலீஸுக்குப் பேசினேன். அவர்கள் வந்து தோண்டும்வரை அந்த இடத்தில் யாரும் எதையும் தொடக்கூடாது என்பது விதி. திரும்பி வந்தபோது கிளெமான்ஸ் பேரிக்காய் மரத்தடியில் முட்டி போட்டு, தன் மஞ்சள் சாமந்தியைச் சரளைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெவ்னேயின் பக்கத்தில், அவர் எழுந்திராதபடி நின்றுகொண்டிருந்தார்.

பூக்கள் பாதி தலை கவிழ்ந்திருந்தன. கிளெமான்ஸ் தொட்டி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணி வேணும்," என்றாள் என்னைப் பார்த்து. "ரெண்டு நாளா இதுக்கு ஒரு சொட்டு ஊத்தல."

ஓடினேன். அடுக்களையில் பாத்திரம் இருந்தது, ஆனால் அந்த மேஜைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. மாடிக்கு ஏறி, பிளாந்தீனின் கண்ணாடி ஜாடியை எடுத்து, குழாயடியில் நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கிளெமான்ஸ் வாங்கி மெதுவாக ஊற்றினாள். வெடித்த மண் சத்தத்தோடு உறிஞ்சிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.